ஷூலெஸ் ஜோ ஜாக்சன்

ஷூலெஸ் ஜோ ஜாக்சன் எனப் பரவலாக அறியப்படும் ஜோசப் ஜெபர்சன் ஜாக்சன் (ஜூலை 16, 1887 – டிசம்பர் 5, 1951) ஐக்கிய அமெரிக்காவைச் சேர்ந்த தொழில்முறை அடிபந்தாட்ட (பேஸ்பால்) வீரர் ஆவார். 1908 முதல் 1920 வரை பிலடெல்பியா, கிளீவ்லாந்து, சிகாகோ ஆகிய நகரங்களின் அணிகளுக்காக அமெரிக்க லீக்கில் ஆடினார். இவரது வாழ்நாள் மட்டையடிச் சராசரி .356 ஆகும். 1919ஆம் ஆண்டு உலகத் தொடரில் சிகாகோ அணி சூதாட்டக்காரர்களிடம் பணம் பெற்று வேண்டுமென்றே தோற்ற விவகாரத்தில் சிக்கினார். அதனால் தமது மிகச் சிறந்த பருவங்களுள் ஒன்றை ஆடிக்கொண்டிருந்தபோதே, 33ஆம் அகவையில், இவரது ஆட்ட வாழ்க்கை முடிவுக்கு வந்தது. பள்ளிக்கே செல்லாத இவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இவரது ஆட்ட வாழ்வின் தொடக்கத்தையும் முடிவையும் புரிந்துகொள்ள இச்செய்தி இன்றியமையாதது.

இளமை

ஜாக்சன் தென் கரோலினா மாநிலத்தின் பிக்கன்ஸ் மாவட்டத்தில் பிறந்தார். பிறந்த ஆண்டு குறித்துப் பதிவுகள் ஒன்றுபடவில்லை. 1887 என்பதே பெரும்பாலும் ஏற்கப்படுகிறது. தந்தை ஜார்ஜ் ஜாக்சன் குத்தகைக்கு நிலம் உழுதவர். அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பஞ்சாலைகள் பெருகி வந்தன. நிலத்தில் பிழைக்க முடியாத ஏழை வெள்ளையர் குடும்பங்கள் ஆலைக் குடியிருப்புகளுக்குக் குடிபெயர்ந்தன. ஜாக்சனின் குடும்பமும் முதலில் பெல்சர் என்னும் ஊருக்கும், பின்னர் கிரீன்வில் நகரை ஒட்டிய பிராண்டன் ஆலைக் குடியிருப்புக்கும் சென்றது.

எட்டுப் பிள்ளைகளில் மூத்தவரான ஜோ, ஆறு அல்லது ஏழு வயதிலேயே ஆலைக்குள் வேலைக்குச் சென்றார். நாள் ஒன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர வேலை. குழந்தைத் தொழிலாளர் முறை அங்கு அப்போது வழக்கமான ஒன்றாகவே இருந்தது. அவர் பள்ளி செல்லாததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

ஆலை முதலாளிகள் தொழிலாளர்களின் ஓய்வு நேரத்துக்கென்று அடிபந்தாட்ட அணிகளை நடத்தி வந்தனர். பக்கத்து ஆலைகளின் அணிகளுடன் சனிக்கிழமைகளில் போட்டி நடக்கும். பதின்மூன்று வயதளவில் ஜாக்சன் பிராண்டன் ஆலை அணியில் பெரியவர்களுடன் சேர்ந்து ஆடத் தொடங்கினார். ஓர் ஆட்டத்திற்கு 2.50 டாலர் பெற்றார். முதலில் பந்து எறிபவராக இருந்த அவரது வேகப்பந்து பட்டு ஒருவரின் கை முறிந்ததாகவும், அதன்பின் அவர் புறக்களத்துக்கு மாற்றப்பட்டதாகவும் கூறுவர். இடக்கையால் மட்டை பிடிப்பார், வலக்கையால் எறிவார். அவரது நெடுநாளைய மட்டைக்குப் பிளாக் பெட்சி என்று பெயர். சுமார் 48 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 1.36 கிலோ எடை கொண்ட அதன் கரிய நிறம் புகையிலைச் சாற்றால் வந்தது என்பர்.

பெயர்க் காரணம்

1908ஆம் ஆண்டு கிரீன்வில் நகரின் ஸ்பின்னர்ஸ் அணி கரோலினா அசோசியேசன் என்னும் சிறு லீக்கில் சேர்ந்தது. ஜாக்சனுக்கு மாதம் 75 டாலர் ஊதியம் பேசப்பட்டது. ஆலை வேலையை விட்டு, ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டது அப்போதுதான்.

அவ்வாண்டில் ஒருநாள் புதிய காலணிகள் கடித்துக் காலில் கொப்புளம் எழும்பிவிட்டது. வலி தாளாமல் காலணிகளைக் கழற்றிவிட்டுக் காலுறையுடன் மட்டை பிடித்து, பந்தை நெடுந்தொலைவு அடித்து ஓடினார். அதைக் கவனித்த எதிரணிப் பார்வையாளர் ஒருவர் அவரைக் காலணியில்லாதவன் என்று கூவிக் கேலி செய்ய, அதுவே நாளேடுகள் வழியாக நிலைத்துவிட்டது. தாம் அப்படி ஆடியது அந்த ஒரே ஒரு முறைதான் என்று ஜாக்சன் பிற்காலத்தில் கூறியுள்ளார். காலணி வாங்க இயலாத வறுமையால் வந்த பெயர் என்று சிலர் எழுதுவது தவறாகும்.

அவ்வாண்டு ஜூலையில் கேத்தி வின் என்பவரை மணந்தார். கேத்தி படித்தவர். கணவருக்கு வந்த கடிதங்களைப் படித்துக் காட்டுவது, பதில் எழுதுவது, ஒப்பந்தங்களைப் பார்ப்பது ஆகிய அனைத்தையும் அவரே செய்தார்.

பிலடெல்பியாவில் பத்து ஆட்டங்கள்

கரோலினா லீக்கில் .346 சராசரியுடன் முதலிடம் பெற்ற இளைஞரைப் பற்றிக் கேள்விப்பட்ட பிலடெல்பியா அத்லெட்டிக்ஸ் அணியின் மேலாளர் கானி மேக், அவரது ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கினார். 1908 ஆகஸ்ட் 25 அன்று ஜாக்சன் முதன்முறையாகப் பெரிய லீக்கில் களமிறங்கினார்.

இத்தகைய வாழ்க்கை வரலாறுகளில் அடுத்து வருவது பெரும்பாலும் வெற்றிக் கதையாக இருக்கும். இங்கு அப்படி நடக்கவில்லை. பெருநகரமும் அங்குள்ள சக வீரர்களும் ஜாக்சனை அச்சுறுத்தினர். படிப்பறிவில்லாத தென்னாட்டு ஆலைப் பையன் என்று அணியினரே எள்ளி நகையாடினர். அவர் சொல்லாமல் கொள்ளாமல் தொடர்வண்டி ஏறிக் கிரீன்வில்லுக்குத் திரும்பினார், அழைத்து வரப்பட்டார், மீண்டும் திரும்பினார். எழுத்துக் கற்பிக்க ஆசிரியரை அமர்த்துவதாக மேக் கூறியதையும் அவர் ஏற்கவில்லை என்பர். 1908இல் ஐந்து, 1909இல் ஐந்து என இரண்டு ஆண்டுகளில் பத்தே ஆட்டங்களில் அவர் பிலடெல்பியாவுக்காக ஆடினார். நாற்பது வாய்ப்புகளில் ஆறு முறை மட்டுமே வெற்றிகரமாக அடித்தார்.

ஆனால் தெற்கே திருப்பி அனுப்பப்பட்டதும் நிலை மாறியது. 1909இல் சவானா அணிக்காக .358, 1910இல் நியூ ஆர்லியன்ஸ் அணிக்காக .354 என்று எடுத்து, ஆடிய சிறு லீக்குகளில் எல்லாம் முதலிடம் பெற்றார். குறை அவரது ஆட்டத்தில் இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. 1910 ஜூலையில் மேக் அவரைக் கிளீவ்லாந்து அணிக்குக் கொடுத்து, பதிலாகப் பிரிஸ் லார்ட் என்னும் புறக்கள வீரரைப் பெற்றார். அத்லெட்டிக்ஸ் 1910, 1911 இரண்டு ஆண்டுகளிலும் உலகத் தொடரை வென்றதால் மேக்குக்கு இதில் உடனடி இழப்பு எதுவும் இல்லை.

கிளீவ்லாந்து

மட்டையடிச் சராசரி என்பது துடுப்பாட்டத்தில் (கிரிக்கெட்) நாம் அறிந்த சராசரியிலிருந்து வேறுபட்டது. கணக்கில் சேரும் வாய்ப்புகளில் எத்தனை முறை ஒருவர் பந்தை அடித்துப் பிழையின்றித் தளத்தை அடைந்தார் என்ற விகிதமே அது. பத்தில் மூன்று முறை, அதாவது .300 எடுத்தாலே அவர் நல்ல வீரர். .400 என்பது மிக அரிது. அமெரிக்க, தேசிய லீக்குகளில் 1941இல் டெட் வில்லியம்ஸ் எடுத்ததற்குப் பிறகு எவரும் எடுத்ததில்லை.

ஜாக்சன் முழுப் பருவமும் ஆடிய முதல் ஆண்டான 1911இல் .408 எடுத்தார். புதுமுக வீரர் ஒருவரின் மிக உயர்ந்த சராசரியாக அது கருதப்படுகிறது. ஆயினும் அவ்வாண்டு முதலிடம் அவருக்குக் கிட்டவில்லை. டெட்ராய்ட் அணியின் டை காப்.420 எடுத்திருந்தார். 1912இல் ஜாக்சன் .395, காப் .409. 1913இல் ஜாக்சன் .373, காப் .390. ஜாக்சன் பெரிய லீக்கில் ஒருமுறைகூடச் சராசரிப் பட்டியலில் முதலிடம் பெற்றதில்லை. 1912இல் அடித்துவிட்டு மூன்றாம் தளம் வரை 26 முறை ஓடினார். அமெரிக்க லீக்கில் அந்த எண்ணிக்கையை 1914இல் சாம் கிராபோர்ட் சமன் செய்தாரே தவிர, எவரும் தாண்டவில்லை.

பிற்காலத்தில் புகழின் உச்சிக்குச் சென்ற பேப் ரூத், மட்டை வீசும் முறையைத் தாம் ஜாக்சனைப் பார்த்தே அமைத்துக்கொண்டதாகக் கூறியுள்ளார்.

சிகாகோ

கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் கடனில் மூழ்கியதால் 1915 ஆகஸ்டில் ஜாக்சன் விற்கப்பட்டார். சிகாகோ வைட் சாக்ஸ் அணியின் உரிமையாளர் சார்லஸ் கோமிஸ்கி அவருக்காக 31,500 டாலரும் மூன்று வீரர்களையும் கொடுத்தார். 1917இல் அந்த அணி நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியை வென்று உலகத் தொடரைக் கைப்பற்றியது. முதல் உலகப் போர் காரணமாக 1918இல் ஜாக்சன் 17 ஆட்டங்களே ஆடினார். டெலவேர் மாநிலத்திலுள்ள கப்பல் கட்டும் தளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். போர்முனைக்குச் செல்லாமல் தப்பிக்கிறார் என்று நாளேடுகள் அவரைச் சாடின.

அக்கால வீரர்களின் ஒப்பந்தங்களில் தக்கவைப்பு விதி என்று ஒன்று இருந்தது. அணி விடுவித்தாலன்றி வீரர் வேறு அணிக்குச் செல்ல முடியாது. ஆனால் பத்து நாள் முன்னறிவிப்புக் கொடுத்து அணி வீரரை நீக்கலாம். கோமிஸ்கி கஞ்சர், அதனால்தான் வீரர்கள் பணத்துக்கு மயங்கினர் என்ற கதை நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. பிற்காலத்தில் ஆய்வுக்குக் கிடைத்த ஊதியப் பதிவுகளின்படி, 1919இல் வைட் சாக்ஸ் லீக்கிலேயே அதிக ஊதியம் வழங்கிய அணிகளுள் ஒன்றாகும். ஜாக்சன் அவ்வாண்டு 6,000 டாலர் பெற்றார்.

1919 உலகத் தொடர்

1919இல் ஒன்பது ஆட்டங்கள் கொண்ட உலகத் தொடரில் வைட் சாக்ஸ், சின்சினாட்டி ரெட்ஸ் அணியிடம் 5-3 என்ற கணக்கில் தோற்றது. சூதாட்டக்காரர்களுடன் சேர்ந்து தோல்விக்குத் திட்டமிட்டவர்களில் முதல் தளக் காப்பாளர் சிக் காண்டில், பந்து எறிபவர்களான எடி சிகாட், லெப்டி வில்லியம்ஸ் ஆகியோர் முதன்மையானவர்கள். நியூயார்க்கின் பெரும் சூதாட்டப் புள்ளி ஆர்னால்ட் ராத்ஸ்டீனின் பெயரும் இதில் அடிபட்டது.

ஜாக்சனுக்கு 20,000 டாலர் தருவதாகப் பேசப்பட்டது. கைக்கு வந்தது 5,000. அதை ஓர் உறையில் வைத்து வில்லியம்ஸ் கொடுத்தார். தொடரில் ஜாக்சனின் ஆட்டமோ வேறு கதை சொல்கிறது. சராசரி .375. அடித்த 12 அடிகள் உலகத் தொடர்களில் சாதனையாக 1964 வரை நின்றன. அந்தத் தொடரின் ஒரே ஹோம் ரன் அவருடையது. களத்தில் அவர் மீது ஒரு பிழைகூடப் பதிவாகவில்லை.

தொடர் முடிந்தபின் பணத்தைப் பற்றிக் கூற முயன்றதாகவும், கோமிஸ்கியைச் சந்திக்க விடாமல் திருப்பி அனுப்பப்பட்டதாகவும் ஜாக்சன் பின்னர் கூறினார். மனைவியைக் கொண்டு கோமிஸ்கிக்குக் கடிதங்களும் எழுதினார். பணத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

கடைசிப் பருவம்

1920ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அணியின் செயலர் ஹாரி கிராபினர், ஆண்டுக்கு 8,000 டாலர் வீதம் மூன்றாண்டு ஒப்பந்தத்துடன் சவானாவிலிருந்த ஜாக்சனைத் தேடி வந்தார். பத்து நாள் நீக்கல் விதி அதில் இல்லை என்று வாய்மொழியாகக் கூறியதை நம்பி, மனைவியிடம் காட்டாமலேயே கையொப்பமிட்டதாக ஜாக்சன் பின்னர் சாட்சியம் அளித்தார். விதி ஒப்பந்தத்தில் இருந்தது.

அப்பருவத்தில் ஜாக்சன் .382 சராசரி, 218 அடிகள், 12 ஹோம் ரன்கள் எடுத்தார். 121 ஓட்டங்களுக்கு வழிவகுத்தார். அணி முதலிடத்துக்காகக் கிளீவ்லாந்துடன் மோதிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 27 அன்று டெட்ராய்ட் அணிக்கு எதிராக ஆடியதே அவரது கடைசி ஆட்டம்.

மறுநாள், செப்டம்பர் 28 அன்று, சிகாகோ பெருநடுவர் குழுவின் முன் எடி சிகாட் உண்மையை ஒப்புக்கொண்டார். அன்றே ஜாக்சனும் அழைத்துச் செல்லப்பட்டார். அவருக்கு ஆலோசனை கூறிய வழக்கறிஞர் ஆல்பிரட் ஆஸ்ட்ரியன் உண்மையில் கோமிஸ்கியின் வழக்கறிஞர் ஆவார். அணியின் நலனும் வீரரின் நலனும் ஒன்றல்ல என்பதை எடுத்துச் சொல்ல ஜாக்சன் பக்கம் யாரும் இல்லை. தாம் சொல்வது தமக்கு எதிராகவே பயன்படுத்தப்படலாம் என்று ஏற்கும் தாளில், படிக்கத் தெரியாத அவர் கையொப்பமிட்டார். சாட்சியத்தில், பணம் பெற்றதை ஒப்புக்கொண்டார். அதே சாட்சியத்தில், ஒவ்வோர் ஆட்டத்தையும் வெல்வதற்காகவே ஆடியதாகவும் கூறினார்.

கோமிஸ்கி உடனடியாகக் குற்றம் சாட்டப்பட்ட வீரர்களை இடைநீக்கம் செய்தார். மூன்று ஆட்டங்களே எஞ்சியிருந்தன. லீக் பட்டத்தைக் கிளீவ்லாந்து வென்றது. நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்த ஜாக்சனிடம் ஒரு சிறுவன் இது பொய் என்று சொல்லும்படி கெஞ்சியதாக நாளேடுகள் எழுதின. அமெரிக்கர் பலரும் அறிந்த இக்காட்சி நடக்கவே இல்லை என்று ஜாக்சன் மறுத்துள்ளார்.

வழக்கும் தடையும்

1921 கோடையில் சிகாகோவில் வழக்கு நடந்தது. அதற்குள் பெருநடுவர் குழு முன் அளிக்கப்பட்ட வாக்குமூலங்களின் மூலத்தாள்கள் காணாமற் போயிருந்தன. ஆகஸ்ட் 2 அன்று நடுவர் குழு வீரர்கள் அனைவரையும் விடுதலை செய்தது. மறுநாளே, அடிபந்தாட்டத்தின் முதல் ஆணையராக அமர்த்தப்பட்டிருந்த நீதிபதி கெனசா மவுன்டன் லாண்டிஸ், தீர்ப்பு எதுவாயினும் எட்டுப் பேரும் இனித் தொழில்முறை ஆட்டத்தில் இடம்பெற முடியாது என்று அறிவித்தார். பணம் பெறாமல், திட்டத்தை அறிந்தும் சொல்லாதிருந்த பக் வீவரும் இதில் அடக்கம்.

ஜாக்சன் ஒப்பந்தத்தின் எஞ்சிய ஊதியத்தைக் கேட்டு அணியின் மீது வழக்குத் தொடுத்தார். வைட் சாக்ஸ் விஸ்கான்சின் மாநிலத்தில் பதிவு செய்யப்பட்டிருந்ததால் 1924இல் மில்வாக்கி நகரில் விசாரணை நடந்தது. 1921இல் காணாமற் போன வாக்குமூலப் பதிவுகள் இப்போது கோமிஸ்கியின் வழக்கறிஞர் கையிலிருந்து வெளிப்பட்டன! ஜாக்சன் இப்போது கூறியவை 1920இல் கூறியவற்றுடன் பல இடங்களில் முரண்பட்டன. நடுவர் குழு அவர் சதியில் பங்கேற்கவில்லை என்று முடிவு செய்து, சுமார் 16,700 டாலர் வழங்கத் தீர்ப்பளித்தது. ஆனால் நீதிபதி அத்தீர்ப்பைத் தள்ளுபடி செய்ததுடன், பொய்ச் சாட்சியம் கூறியதாக ஜாக்சனைச் சிறையில் அடைக்கவும் உத்தரவிட்டார். அவர் பிணையில் வெளிவந்தார். வழக்கு பின்னர் நீதிமன்றத்துக்கு வெளியே சிறு தொகைக்கு முடித்துக்கொள்ளப்பட்டது.

ஜாக்சனுக்கு ஆதரவாகப் பேசுவோர் அவரது .375 சராசரியைக் காட்டுவர். சதிக் கூட்டங்களில் அவர் கலந்துகொள்ளவில்லை என்று வில்லியம்ஸ் கூறியுள்ளார். மறுதரப்பினர் வேறொரு கணக்கைக் காட்டுவர். முதல் ஐந்து ஆட்டங்களில் நான்கில் அணி தோற்றது. அந்த ஐந்திலும் ஜாக்சனின் அடியால் ஓர் ஓட்டம்கூட வரவில்லை. அவரால் வந்த ஆறு ஓட்டங்களும் கடைசி மூன்று ஆட்டங்களில் வந்தவை. எண்களை மட்டும் வைத்து ஒருவரின் மனத்தை அறிய முடியாது என்பதால் இவ்விவாதம் ஓயவில்லை. 5,000 டாலர் பெற்றதில் மட்டும் இரு தரப்பிலும் கருத்து வேறுபாடு இல்லை.

பிற்கால வாழ்வு

தடைக்குப் பின் ஜாக்சன் ஜார்ஜியா மாநிலத்தின் அமெரிக்கஸ், வேகிராஸ் போன்ற சிற்றூர்களின் அணிகளில் ஆடினார். பொழுதுபோக்கு ஆட்டங்களில் கூட்டம் சேர்க்க அவர் பெயரே போதுமாயிருந்தது. சவானாவில் துணி வெளுப்பு நிலையம் ஒன்றை நடத்தினார். அது நன்கு நடந்தது. 1930களின் தொடக்கத்தில் கிரீன்வில்லுக்கே திரும்பி, பின்னர் மதுக்கடை வைத்தார். ஊரார் அவரைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை. ஆலைச் சிறுவர்களுக்கு மட்டை பிடிக்கக் கற்றுக்கொடுத்தார். உள்ளூர்ச் சிறு லீக் அணியை நடத்த அனுமதி கோரி அனுப்பப்பட்ட விண்ணப்பத்தை 1934இல் லாண்டிஸ் மறுத்தார்.

1951 டிசம்பரில் எட் சல்லிவனின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்ற இருந்தார். அதற்குச் சில நாட்கள் முன்னர், டிசம்பர் 5 அன்று, மாரடைப்பால் கிரீன்வில்லில் காலமானார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. தடை செய்யப்பட்ட எட்டுப் பேரில் முதலில் இறந்தவர் அவரே.

இறப்புக்குப் பின்

வாழ்நாள் சராசரியில் டை காப், ராஜர்ஸ் ஹார்ன்ஸ்பி ஆகியோருக்கு அடுத்து மூன்றாம் இடத்தில் ஜாக்சன் நெடுங்காலம் இருந்தார். 2024இல் கறுப்பின வீரர்களின் நீக்ரோ லீக் பதிவுகள் சேர்க்கப்பட்டபோது ஜாஷ் கிப்சன் முதலிடம் பெற, இப்பட்டியல் மாறியது.

டபிள்யூ. பி. கின்செல்லா 1982இல் எழுதிய ஷூலெஸ் ஜோ என்னும் புதினமும், அதிலிருந்து 1989இல் எடுக்கப்பட்ட பீல்ட் ஆஃப் ட்ரீம்ஸ் திரைப்படமும் இவரைப் புதிய தலைமுறைக்கு அறிமுகம் செய்தன. இடக்கை மட்டையாளரான ஜாக்சன் அப்படத்தில் வலக்கையால் ஆடுவது ரசிகர்கள் இன்றும் சுட்டிக்காட்டும் பிழையாகும்.

தடைப் பட்டியலில் உள்ளவர்கள் கூப்பர்ஸ்டவுனில் உள்ள புகழ் மண்டபத்துக்குத் தேர்வாக முடியாது என்று 1991இல் விதி இயற்றப்பட்டது. 2025 மே 13 அன்று ஆணையர் ராப் மான்பிரெட், வாழ்நாள் தடை என்பது இறப்புடன் முடிவடைகிறது என்று முடிவு செய்து, ஜாக்சன், பீட் ரோஸ் உள்ளிட்ட மறைந்தவர்களை அப்பட்டியலிலிருந்து நீக்கினார். இது குற்றமற்றவர் என்ற தீர்ப்பு அன்று. ஆயினும் 2027 டிசம்பரில் கூடவுள்ள தேர்வுக் குழு ஜாக்சனின் பெயரைக் கருத்தில் கொள்ள இப்போது தடையில்லை.

மனைவி எழுதிக் காட்டியதைப் பார்த்துத்தான் ஜாக்சன் தம் பெயரை வரைவார். அதனால் அவர் கைப்பட்ட கையொப்பங்கள் மிகச் சிலவே உள்ளன. அவ்வாறு கையொப்பமிட்ட நிழற்படம் ஒன்று 2021இல் 14.7 இலட்சம் டாலருக்கு ஏலம் போனது. கிரீன்வில்லில் அவர் இறந்த வீடு அடிபந்தாட்டத் திடலின் அருகே இடம் மாற்றப்பட்டு, 2008இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அவரது சராசரியை நினைவுகூரும் வகையில் அவ்வீட்டுக்குக் கதவிலக்கமாக 356 வழங்கப்பட்டது.